வீட்டு பீர்: பாட்டிலில் அடைப்பதா, கெக்கில் நிரப்புவதா? முதல் வருடம் பாட்டில்தான் சரி. ஏன்?

போன ஜூலையில் ஒரு ராத்திரி, மணி இரண்டு இருக்கும். மினியாபோலிஸில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் அபார்ட்மென்ட். வாசல் பக்கத்து அலமாரிக்குள் இருந்து 'டமார்' என்று ஒரு சத்தம். "என்னங்க, யாரோ கதவை உடைக்கிறாங்க" என்று மனைவி எழுப்பினார். நான் எழுந்து விளக்கைப் போடுவதற்குள் இரண்டாவது சத்தம். இந்த முறை கூடவே கண்ணாடி சிதறும் ஒலியும், புளித்த மாவு மாதிரி ஒரு வாசனையும்.

யாரும் கதவை உடைக்கவில்லை. நான் பத்து நாள் முன்பு அடைத்து வைத்த பீர் பாட்டில்கள் தானாக வெடித்துக்கொண்டிருந்தன. காலையில் பார்த்தபோது, தொங்கவிட்டிருந்த குளிர்கால கோட்டில் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிச் சில்லு குத்தி நின்றது. அதே அலமாரியில்தான் என் மகளின் ஷூக்கள் இருக்கும். தினமும் காலை ஏழரைக்கு அவள் அங்கே உட்கார்ந்துதான் லேஸ் கட்டுவாள். ராத்திரி இரண்டு மணிக்குப் பதிலாகக் காலை ஏழரைக்கு வெடித்திருந்தால் என்ற கணக்கை நானும் மனைவியும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவே இல்லை.

மறுநாள் நண்பனிடம் சொன்னேன். "மச்சி, இதுக்குத்தான் அப்பவே சொன்னேன். பாட்டில் வேலையெல்லாம் தலைவலி. பேசாம கெக் வாங்கிடு" என்றான். வீட்டில் பீர் தயாரிப்பவர்கள் கூடும் எந்த இடத்திலும் புதிதாக வருபவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான். நானும் பிறகு கெக் வாங்கினேன். இப்போதும் வைத்திருக்கிறேன். ஆனாலும் அந்த அறிவுரை தப்பு என்பதுதான் என் கருத்து.

சரி, இதெல்லாம் சட்டப்படி செய்யலாமா?

பீர் காய்ச்சுகிறேன் என்று அம்மாவிடம் போனில் சொன்னபோது அவர் காதில் விழுந்தது 'சாராயம் காய்ச்சுகிறேன்' என்றுதான். "ஊர்ல காய்ச்சினா போலீஸ் பிடிக்கும்டா, அங்க பிடிக்காதா?" என்று கேட்டார். அம்மா கேட்டது சரியான கேள்வி. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். பீருக்கு மட்டும் தனிச் சலுகை கிடையாது. எனவே சென்னையிலோ கோவையிலோ இருந்து இதைப் படிப்பவர்கள், தெரிந்துகொள்வதற்காக மட்டும் படியுங்கள். செய்து பார்க்க வேண்டாம்.

அமெரிக்காவிலும் இது நெடுங்காலம் குற்றமாகத்தான் இருந்தது. 1933-இல் மதுவிலக்கு முடிந்தபோது வீட்டில் ஒயின் தயாரிக்க வழி பிறந்தது, பீர் விட்டுப்போனது. 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அந்தக் குறையைத் தீர்த்தது. ஒரு வீட்டில் வயது வந்தவர் ஒருவர் என்றால் வருடத்துக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ என்றால் 200 கேலன், அதாவது சுமார் 757 லிட்டர் வரை வரி இல்லாமல் தயாரிக்கலாம். விற்கக் கூடாது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக வழிவிட்டு, கடைசியாக மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-இல்தான் அனுமதித்தன. பிரிட்டனில் 1963-லேயே இதற்கான உரிமம் தேவையில்லை என்றாகிவிட்டது. வேறு நாட்டில் இருப்பவர்கள் அந்த ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது?

மால்ட்டில் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்சைடும் ஆக மாற்றுகிறது. நொதிக்கும் வாளியில் இருந்து அந்த வாயு வெளியே போய்விடும். அதனால் நொதித்து முடித்த பீரை ருசி பார்த்தால் சப்பென்று இருக்கும், நுரையே இருக்காது. நுரை வர, மறுபடி வாயுவை உள்ளே ஏற்ற வேண்டும்.

பாட்டில் முறையில் இதைச் செய்வதும் ஈஸ்ட்தான். அடைப்பதற்குச் சற்று முன் கொஞ்சம் சர்க்கரையைச் சேர்த்து மூடியைப் போட்டு அழுத்திவிட்டால், மிச்சம் இருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று வாயுவை விடும். வெளியேற வழி இல்லாத வாயு பீருக்குள்ளேயே கரையும். 19 லிட்டர் பீருக்குச் சாதாரண வெள்ளைச் சர்க்கரை சுமார் 110 கிராம் போதும். ஒரு டம்ளரில் பாதிகூட வராது. அதைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, சுத்தமான இன்னொரு வாளியின் அடியில் ஊற்றி, அதன் மேல் பீரை டியூப் வழியாகச் சத்தமில்லாமல் இறக்க வேண்டும். சளசளவென்று ஊற்றினால் காற்றில் உள்ள ஆக்சிஜன் கலந்து, சில வாரங்களில் பீர் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ருசிக்கும்.

பிறகு பாட்டில் வேலை. 19 லிட்டருக்கு 355 மில்லி பாட்டில்கள் ஐம்பதுக்குப் பக்கம் வரும். ஒவ்வொன்றையும் கழுவி, கிருமி நீக்கி, கழுத்தில் ஒரு அங்குலம் இடம் விட்டு நிரப்பி, மூடியை வைத்து, கேப்பரால் அழுத்த வேண்டும். தனியாகச் செய்தால் மூன்று மணி நேரம். ஒரு சனிக்கிழமை மதியம் போயே போச்சு. பழுப்பு நிறப் பாட்டில்தான் நல்லது. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸில் உள்ள கசப்புப் பொருள் உடைந்து, அமெரிக்க நெடுஞ்சாலைகளில் அடிபட்டுக் கிடக்கும் ஸ்கங்க் நாற்றம் வந்துவிடும். திருகித் திறக்கும் பாட்டில்களை ஒதுக்கிவிடுங்கள். கை கேப்பரால் அதன் வாயை ஒழுங்காக அடைக்க முடியாது.

அடைத்த பாட்டில்களை 20 டிகிரி செல்சியஸ் பக்கம், இருட்டான இடத்தில் இரண்டு மூன்று வாரம் வைக்க வேண்டும். அப்புறம்தான் ஃப்ரிட்ஜ்.

என் பாட்டில்கள் ஏன் வெடித்தன?

இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் என் வாதம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

பீரில் எவ்வளவு சர்க்கரை மிச்சம் இருக்கிறது என்பதை ஹைட்ரோமீட்டர் என்ற மிதவைக் கருவி காட்டும். வெறும் தண்ணீர் 1.000. நான் செய்த கோதுமை பீர் 1.012-இல் நிற்க வேண்டும் என்று செய்முறைத் தாளில் இருந்தது. எட்டாவது நாள் பார்த்தபோது 1.016. குமிழி வருவது நின்றிருந்தது. ஊரில் இருந்து மாமனார் மாமியார் வரப்போகிறார்கள், வாளியை ஒளித்து வைக்க வேண்டும், கையோடு அடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை பார்த்து, இரண்டிலும் ஒரே எண் வந்தால் மட்டுமே அடைக்க வேண்டும் என்பது இந்த வேலையின் அரிச்சுவடி. நான் ஒரே முறைதான் பார்த்தேன்.

நொதித்தல் முடியவில்லை, சும்மா தூங்கிக்கொண்டிருந்தது. பாட்டிலில் ஊற்றிய அசைவில் ஈஸ்ட் விழித்துக்கொண்டு, நான் போட்ட 110 கிராம் சர்க்கரையோடு சேர்த்து, மிச்சம் இருந்த அந்த நான்கு புள்ளி சர்க்கரையையும் தின்றது. ஹைட்ரோமீட்டரில் ஒரு புள்ளி இறங்கினால், பீரின் கொள்ளளவில் ஏறக்குறைய பாதி அளவு வாயு உண்டாகும். ஒரு லிட்டர் பீரில் அரை லிட்டர் வாயு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு புள்ளி என்றால் இரண்டு மடங்கு. சாதாரண பீரில் இருப்பது சுமார் 2.4 மடங்கு. ஆக மொத்தம் 4.4.

இதை அழுத்தமாகச் சொன்னால் இன்னும் தெளிவாகப் புரியும். அறை வெப்பத்தில் 2.4 மடங்கு வாயு இருக்கும் பாட்டிலுக்குள் அழுத்தம் 26 பி.எஸ்.ஐ. அளவு. கார் டயரில் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவு. 4.4 மடங்கு என்றால் ஏறக்குறைய 60. அதாவது கார் டயரைப் போல இரண்டு பங்கு அழுத்தத்தை, ஏற்கெனவே பலமுறை கழுவித் தட்டி இடித்துப் பயன்படுத்திய, ஒருமுறை பயன்பாட்டுக்கென்றே மெல்லிசாகச் செய்த கண்ணாடிக்குள் அடைத்து, கோடைக்காலத்தில் என் மகளின் ஷூ பக்கத்தில் வைத்திருந்தேன்.

வாயு அடைத்த பாட்டில் ஆயுதம் என்பது நமக்குப் புதிதா என்ன? ஊர்க் கலவரம், பழைய சினிமாச் சண்டை என்றால் சோடா பாட்டில் வீச்சு இல்லாமல் இருந்ததா? கள்ளை வாங்கி வருபவர் பாட்டில் வாயை இறுக்கி மூடமாட்டார், வாழை இலையையோ துணியையோ திணித்துக் கொண்டுவருவார். நொதிக்கிற பொருளை முழுசாக அடைக்கக் கூடாது என்ற அறிவு அங்கே இருந்தது. ஐ.டி. வேலைக்காரன் நான்தான் மறந்துவிட்டேன்.

வேறு காரணங்களும் உண்டு. சர்க்கரை சரியாகக் கலக்காமல் சில பாட்டிலுக்கு அதிகமாகப் போவது, சுத்தம் பத்தாமல் காட்டு ஈஸ்ட் புகுந்து மற்ற ஈஸ்ட் தொடாத மாவுச்சத்தையும் தின்பது. ஒரே ஒரு பாட்டில் வெடித்தால் அது அந்தப் பாட்டிலின் குறையாக இருக்கலாம். இரண்டாவதும் வெடித்தால் மொத்தச் சரக்கிலும் பிரச்னை என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் கையால் தூக்கிப் பார்க்க வேண்டாம். கண்ணாடி, தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை போட்டு, பெட்டி மேல் கெட்டிப் போர்வையைப் போர்த்தி, ஆட்டாமல் குளிர்ந்த இடத்துக்கு நகர்த்துங்கள். குளிர்ந்தால் வாயு பீரில் கரைந்து அழுத்தம் இறங்கும். ஒரு நாள் கழித்து, போர்வைக்குள்ளேயே கையை விட்டு மூடியை மெதுவாக நெம்பலாம். பால்கனியில் வைக்கும் யோசனை மட்டும் மினசோட்டா ஜனவரியில் வேண்டாம். உறைந்தால் அதனாலேயே பாட்டில் உடையும்.

கெக் எப்படி வேலை செய்கிறது?

கெக் என்பது எவர்சில்வர் டப்பா. வீட்டுக்காரர்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் 5 கேலன், அதாவது 19 லிட்டர் பிடிக்கும் 'கார்னி' கெக். பெயர் மினசோட்டாவில் வளர்ந்த கார்னீலியஸ் என்ற நிறுவனத்தில் இருந்து வந்தது. இது பீருக்காகச் செய்ததே அல்ல. கோக், பெப்சியின் சிரப்பை உணவகங்களுக்கு அனுப்பச் செய்த பாத்திரம். பிற்பாடு சிரப்பை அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் பையில் அனுப்ப ஆரம்பித்ததும், பழைய கெக்குகள் குவியல் குவியலாக வெளியே வந்தன. அதை மலிவாக வாங்கித்தான் அமெரிக்க வீட்டு பீர்க்காரர்கள் கெக்குக்கு மாறினார்கள். இன்றும் கெக் வாங்கும்போது 'பால் லாக்கா, பின் லாக்கா' என்று கேட்பார்கள். பெப்சி பயன்படுத்தியது முதல் வகை, கோக் பயன்படுத்தியது இரண்டாவது வகை. ஒன்றின் இணைப்பு இன்னொன்றில் சேராது. பார்த்து வாங்குங்கள்.

கெக்கில் சர்க்கரை வேண்டாம், காத்திருக்க வேண்டாம். பீரை உள்ளே இறக்கி, மூடி, உள்ளிருக்கும் காற்றைச் சிலமுறை வாயுவை விட்டு வெளியேற்றி, ஃப்ரிட்ஜில் வைத்து சிலிண்டரை இணைத்தால் முடிந்தது. 4 டிகிரி குளிரில் 12 பி.எஸ்.ஐ. வைத்துவிட்டால் பத்து, பதினான்கு நாளில் தேவையான வாயு தானாகக் கரைந்துவிடும். அவசரம் என்றால் முதல் ஒன்றரை நாள் 30-இல் வைத்துவிட்டு இறக்கலாம். மூன்று மணி நேரப் பாட்டில் வேலை அரை மணி நேரமாகச் சுருங்கும். ஹாப்ஸ் மணம் தூக்கலான ஐ.பி.ஏ. மாதிரி வகைகளுக்குக் கெக்தான் மேல் என்பதை மறுக்கமாட்டேன். ஆக்சிஜன் உள்ளே போகாததால் அந்த மணம் வாரக்கணக்கில் நிற்கும். பாட்டிலில் அதை எவ்வளவு கவனமாகச் செய்தாலும் இவ்வளவு வராது.

சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப் என்றதும் நம் வீட்டு கேஸ் அடுப்பு நினைவுக்கு வருகிறதா? வர வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்ப்பதும் இதில் அப்படியேதான். ஒரு வித்தியாசம்: கேஸ் கசிந்தால் நாறும், இது நாறாது. வீட்டுக்காரர்கள் வாங்கும் 5 பவுண்ட் சிலிண்டரில் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. வெளியே வந்தால் அது ஆயிரத்து இருநூறு லிட்டருக்கு மேல் வாயு. பத்தடிக்குப் பத்தடி அறையை மூடி வைத்திருக்கும்போது அத்தனையும் சட்டென்று வெளியேறினால், அறைக் காற்றில் ஐந்து சதவீதம் அளவுக்கு அது நிறையும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான நியாஷ் வைத்திருக்கும் வரம்பு நான்கு சதவீதம். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தேங்கும். படுக்கையறை அலமாரி, ஜன்னலில்லாத ஸ்டோர் ரூம், இரண்டும் சிலிண்டருக்கு ஏற்ற இடம் இல்லை. சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள். ரெகுலேட்டர் இல்லாமல் கெக்கோடு இணைப்பதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் இருப்பது 800 பி.எஸ்.ஐ.க்கு மேல்.

அப்புறம் ஏன் முதலில் பாட்டில்?

வெடித்த கதையைச் சொல்லிவிட்டுப் பாட்டிலையே பரிந்துரைப்பது முரணாகத் தெரியலாம். காரணம் இதுதான். கெக் உங்கள் தப்பை மன்னித்துவிடும். நொதித்தல் முடியாமல் கெக்கில் ஊற்றினால் ஒன்றும் ஆகாது. குளிரில் ஈஸ்ட் தூங்கிவிடும், அழுத்தம் ஏறினாலும் தாங்கும், இழுத்துவிட ஒரு வால்வும் இருக்கிறது. பீர் கொஞ்சம் தித்திப்பாக இருக்கும், அவ்வளவுதான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிப் பழகிய ஒருவர், பண்டிகைக்கு நண்பருக்குக் கொடுக்க ஆறு பாட்டில் அடைப்பார். அப்போது அவர் கையில் ஹைட்ரோமீட்டர் பழக்கம் இருக்காது. அந்த ஆறு பாட்டிலும் இன்னொருவர் வீட்டுச் சமையலறையில் நிற்கும். எனக்குத் தெரிந்த இரண்டு பேருக்கு இதே மாதிரி நடந்தது, இருவருமே கெக்கில் தொடங்கியவர்கள். நல்லவேளை, நுரை பொங்கித் தரை நாசமானதோடு போயிற்று.

பாட்டில் அடைப்பவர் இரண்டு முறை அளக்காமல் அடைக்கக் கூடாது என்பதை உடம்பால் கற்கிறார். ஐம்பது பாட்டிலின் கழுத்தையும் கழுவும்போதுதான் சுத்தம் என்றால் என்ன என்று புரிகிறது. எந்தப் பாட்டிலும் வெடிக்காமல் எல்லாமே ஒரே மாதிரி நுரைத்தால் கலக்கல் சரி. ஒன்று பொங்கி ஒன்று சப்பென்றிருந்தால் எங்கே தப்பு என்று தேட வேண்டும். கெக்கில் இந்தச் செய்தி எதுவும் வராது. எல்லாம் ஒரே டப்பா.

இன்னொரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான். பாட்டில் கணக்கு வைக்கும், குழாய் வைக்காது. 355 மில்லி, ஐந்து சதவீதம் என்றால் அமெரிக்க அளவில் சரியாக ஒரு டிரிங்க். பாட்டிலைத் திறந்தால் மூடி மேஜையில் கிடக்கும், மறுநாள் காலை காலிப் பாட்டிலைக் கழுவ வேண்டும். எத்தனை என்று மனைவி கேட்கவே வேண்டாம். ஃப்ரிட்ஜில் குழாய் வந்தபிறகு, சாப்பாட்டுக்கு முன் பாதி கிளாஸ், சமைக்கும்போது பாதி கிளாஸ், மீட்டிங் முடிந்ததும் ருசி பார்க்க ஒரு வாய். என் முதல் பாட்டில் சரக்கு இரண்டு மாதத்துக்கு மேல் வந்தது. முதல் கெக் மூன்றே வாரத்தில் புஸ்ஸென்று காற்று விட்டது. நண்பர்கள் இரண்டு முறை வந்திருந்தார்கள் என்பதைக் கழித்தாலும் அந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. இது கெக்கின் குற்றமில்லை, என் குற்றம்தான். ஆனால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒருவருக்குப் பத்தடி தூரத்தில் ஒரு குழாய் எந்நேரமும் திறக்கத் தயாராக இருப்பது சின்ன விஷயமா? இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

செலவும் யோசிக்க வேண்டியதுதான். கேப்பர், மூடி, வாளி, டியூப் எல்லாம் சேர்த்து எனக்கு ஐம்பது டாலருக்குள் முடிந்தது. பாட்டில்கள் நண்பர்கள் குடித்துப் போட்டவை. கெக், சிலிண்டர், ரெகுலேட்டர், பழைய ஃப்ரிட்ஜ் எல்லாம் சேர்த்து நானூறைத் தாண்டியது. மாதம் ஒருமுறையாவது தயாரிக்கிறவருக்கு அது சரி. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் செய்பவருக்கு அந்த ஃப்ரிட்ஜ் கரன்ட் பில்லைத்தான் தயாரிக்கும்.

வருடத்தில் ஐந்தாறு முறை பாட்டிலில் அடைத்து, எதுவும் பொங்காமல் எதுவும் சப்பென்று போகாமல் வந்துவிட்டதா? இனி அந்தச் சனிக்கிழமை மதியம் வேண்டாம் என்று தோன்றுகிறதா? தாராளமாகக் கெக் வாங்குங்கள்.

நான் இப்போது இரண்டையும் வைத்திருக்கிறேன். ஐ.பி.ஏ. மட்டும் கெக்குக்குப் போகும். கோதுமை பீரும், நாள்பட நாள்பட ருசி கூடும் கறுப்பு ஸ்டவுட்டும் பாட்டிலுக்கு. அந்தப் பாட்டில்கள் அலமாரியில் இல்லை, பேஸ்மென்ட்டில் மூடி போட்ட கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பாட்டிலை மட்டும் பழைய பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் நிரப்புகிறேன். அதை அழுத்திப் பார்த்தால் மற்றவற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியும். பத்தாம் நாள் அது கல் மாதிரி கெட்டியாகிவிட்டால், இரண்டு மூன்று வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல் பெட்டியோடு ஃப்ரிட்ஜுக்கு ஏற்றிவிடுவேன். போன சனிக்கிழமை மகள்தான் அழுத்திப் பார்த்தாள். "இன்னும் அமுங்குதுப்பா" என்றாள்.